லைட்டு எரியாதப்ப குதிச்சது

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்கு இந்த ரோட்டுல வெளிய பாக்கப் புடிக்காதுங்க. வாந்தி கீந்தியெல்லாம் இல்ல, பயந்துக்காதீங்க. புளிப்பு முட்டாய் வேணுங்களா? இந்தாங்க. கோத்தகிரிக்கா? டீச்சருங்களா. நெனச்சேன், பையில நோட்டுக்கட்டு தெரியுது. எங்கூட்லயும் நாத்தனார் டீச்சர்தான். ஒறம்பரை வந்திருந்தாக்கூட ஒரு மூலையில உக்காந்து திருத்திட்டுத்தான் இருப்பா.

நான் எஞ்சினியருங்க. பேரு கோகிலவாணி. பீளமேட்டுப் பக்கம் ஒரு கம்பெனி, அளக்கற கருவி செய்யறது. எடை, சூடு, சாய்வு, எதைக் கொண்டாந்தாலும் எண்ணாக்கிக் குடுப்போம். இருபத்தாறு வருசமா அதுலதான் சோலி. பொம்பளைக்கு எதுக்கு இந்தப் பொழப்புன்னு கேட்டவங்கெல்லாம் இப்ப அவங்க பசங்களுக்குப் புராஜெக்ட் வேணும்னு என்னூட்டு வாசல்ல வந்து நிக்கறாங்க. அதை விடுங்க.

இந்த ரோட்டுக்கு நான் வர்றதுக்கே காரணம் எங்க கம்பெனியில செம்புலிங்கம்னு ஒரு ஃபிட்டருங்க. அவரு மட்டும் அந்த ஒரு திருகாணியைப் போடாம இருந்திருந்தா எனக்கு இங்க சோலியே இல்ல. எல்லாரும் என்மேலதான் தப்புன்னு... இல்ல, அப்படி யாரும் சொல்லல. யாருமே சொல்லல. அதான் சங்கடம்.

இருங்க, மொதல்ல இருந்து வர்றேன். போறபோக்குல தேன்பாறைன்னு ஒரு ஸ்டாப் வரும். அங்க ஒரு எஸ்டேட். மழைக்காலத்துல சரிவு நகருதான்னு பாக்கறதுக்கு நாங்க ஒரு பொட்டி வச்சுக் குடுத்தோம். சரிவுக்கு நடுவுல ஆழமா ஓட்டை போட்டு உள்ள ஒரு கம்பி எறக்கியிருக்கும். மண்ணு சாஞ்சா அதுவும் சாயும். அதுல இருந்து வயர் மேல ஒரு பாறைக்கு வரும். பாறைமேல கம்பம், கம்பத்துல பொட்டி, பொட்டி மூஞ்சியில எண்ணு. மணிக்கு ஒருக்கா அந்த எண்ணை எங்க போனுக்கும் எஸ்டேட் ஆபீசுக்கும் மெசேஜா அனுப்பும். சரிவுக்குக் கீழ என்ன இருக்குதுன்னு கேக்கறீங்களா? புள்ளக்காம்பரா. அங்க அப்படித்தான் சொல்றாங்க. கொழுந்து பறிக்கப் போற பொம்பளைங்க கைக்கொழந்தைய விட்டுட்டுப் போற எடம். பதினாலு கொழந்தைங்க.

அந்தப் பொட்டிக்குள்ள ரெண்டு குடித்தனம் இருக்குதுங்க. ஒண்ணு அனலாக். கம்பியில இருந்து வர்ற கரண்டு, நெம்பச் சன்னம், மூச்சு விட்டாக் கலைஞ்சுரும். இன்னொண்ணு டிஜிட்டல். தடதடன்னு போட்டு அணைச்சு, எண்ணாக்கி, மெசேஜ் அனுப்பற முரட்டுப் பக்கம். ரெண்டுக்கும் கிரவுண்டுன்னு ஒண்ணு வேணும், இதுதான் பூஜ்யம்னு நின்னுக்கற தரை. உங்கூட்ல மோட்டார் போட்டா லைட்டு மங்குதில்ல? அந்த மாதிரி, முரட்டுப் பக்கம் ஒரு இழுப்பு இழுத்தா சன்னப் பக்கத்துப் பூஜ்யமே ஆடிரும். அதனால ரெண்டு தரையையும் பிரிச்சு வச்சு, ஒரே ஒரு எடத்துல மட்டும் தொட விடோணும். ரெண்டாவதா ஒரு எடத்துல தொட்டுச்சுன்னா இல்லாததையெல்லாம் இருக்குதுன்னு காட்டும். இதைச் சொல்லிச் சொல்லியே ஆபீஸ்ல எனக்குக் கிரவுண்டு கோகிலான்னு பேரு. எம் மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாங்க.

பொட்டி வச்சு மூணு மாசம் நல்லா இருந்துச்சு. ஐப்பசி மழை புடிச்சதும் எண்ணு குதிக்க ஆரம்பிச்சுது. எஸ்டேட்ல இருந்து போன்மேல போன். மலை நகருதா, ஆளுங்கள எடம் மாத்தோணுமா, இல்ல உங்க பொட்டி கெட்டுப் போச்சான்னு. சரி, நானே போயிப் பாத்துக்கறேன்னு கெளம்புனேன்.

அங்கதான் மருதாயியைப் பாத்தேன். புள்ளக்காம்பராவுல கொழந்தைங்களைப் பாத்துக்கற ஆயா. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். அவங்கப்பா காலத்துல சிலோன்ல இருந்து வந்த குடும்பம். காலையில எட்டு, மத்தியானம் பன்னெண்டு, சாயங்காலம் நாலு, மூணு நேரமும் பாறைக்கு ஏறிப் போயி பொட்டியில இருக்கற எண்ணை ஒரு நோட்டுல எழுதி வைக்கோணும். மெசேஜ் வராமப் போனா கையில ஒரு கணக்கு இருக்கட்டும்னு நாங்கதான் எஸ்டேட்ல சொல்லி அந்த வேலையை அவளுக்குக் குடுத்திருந்தோம். நான் அந்த நோட்டை வாங்கிப் பொரட்டுனேன். பன்னெண்டு மணிக்கு நாலஞ்சு நாள் காலி. எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு.

"ஏம்மா, இதெல்லாம் ஏன் எழுதல?"

"புள்ளைங்களுக்குச் சோறு ஊட்டுற நேரம்மா. வாயில வச்ச சோத்தோட விட்டுட்டு ஏற முடியல."

"ஒரு நேரங்கூட விடக்கூடாது. நீ விட்ட நேரத்துலதான் ஏதாச்சும் நடக்கும். புரியுதா?"

அப்படித்தான் சொன்னேன். எடக்காச் சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னேன். அவ தலையாட்டிட்டு, "எஞ்சினியரம்மா, ஒண்ணு சொல்லவா, இந்தப் பொட்டி பேசறப்ப குதிக்கிறது வேற, சும்மா இருக்கிறப்ப குதிக்கிறது வேற" அப்படீன்னா. பொட்டியில ஒரு சின்னச் செவப்பு லைட்டு உண்டுங்க. மெசேஜ் போறப்ப மட்டும் எரியும். அதைத்தான் அவ பேசறதுங்கறா. "எல்லாம் நோட்டுல எழுதியிருக்கேன், பாருங்கம்மா"ன்னா. சரி சரின்னு வாங்கிப் பையில போட்டுக்கிட்டு, வேற நோட்டு ஒண்ணு குடுத்தேன்.

பொட்டியைத் தொறந்தா, செம்புலிங்கத்தோட வேலை. வயருக்கு மேல செம்புப் பின்னலாட்டம் ஒரு உறை இருக்கும், அதை உள்ள போர்டுல ஒரு எடத்துல மட்டும் சேக்கோணும். அவரு கூடுதலாக் கெட்டியா இருக்கட்டும்னு கம்பத்துலயும் ஒரு திருகாணி போட்டு முறுக்கி வச்சிருக்கறாரு. நல்லது பண்றாராமா. ரெண்டு தரையும் ரெண்டாவது எடத்துல தொட்டுக்கிச்சு. மணிக்கு ஒருக்கா மெசேஜ் போறப்பெல்லாம் எண்ணு குதிக்குது. நான் அந்தத் திருகாணியைக் கழட்டுனேன். அடுத்த மெசேஜ் போச்சு. செவப்பு லைட்டு எரிஞ்சுது. எண்ணு அசையல. எனக்கு அப்ப இருந்த சந்தோசத்தை எப்படிச் சொல்றது. மழையில நனஞ்சுக்கிட்டு அந்தப் பாறைமேல நான் ஒத்தையில சிரிச்சனுங்க.

பூஜ்யத்துக்குக் கொண்டாந்து வச்சுட்டு எறங்குனேன். அன்னிக்கு ராத்திரியில இருந்து மெசேஜ் பாத்தீங்கன்னா பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ரெண்டு. அடுத்த மணிக்கும் அதேதான். கெணத்துத் தண்ணியாட்டம் அசையாம நின்னுக்கிச்சு. எஸ்டேட் மேனேஜர் போன் பண்ணி, மேடம் நீங்க வந்ததும் பேய் ஓடிப் போச்சுன்னாரு. பேயெல்லாம் இல்லீங்க சார், கிரவுண்டுன்னேன்.

பதினெட்டாம் நாளு சரிவு எறங்கிருச்சு.

சாயங்காலம் நாலு மணிக்கு. புள்ளக்காம்பரா மேலயே எறங்குச்சு. ஓடு, சொவரு, தொட்டிலு எல்லாம் மண்ணுக்குள்ள. கொழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்க, பதட்டப்படாதீங்க. ஒரு கொழந்தைக்குங்கூட ஒண்ணும் ஆகல. ரெண்டே முக்காலுக்கே மருதாயி பதினாலையும் கூட்டிட்டுப் போயி மேட்டு லயன்ல, வரிசை வீட்டுல, ஒரு கெழவிகிட்ட விட்டுட்டா. விட்டுட்டுத் திரும்பி வந்து, நாலு மணி எண்ணு எழுதறதுக்குப் பாறைக்கு ஏறியிருக்கறா. நடுச்சரிவுல இருந்திருக்கறா. ரெண்டு நாள் கழிச்சுத்தான் எடுத்தாங்க.

பாறைக்கு ஒண்ணும் ஆகல. பொட்டி அப்படியே நிக்குது. கம்பிதான் மண்ணோட போயிருச்சு. நாலு மணி மெசேஜ் எனக்கு வந்துச்சுங்க, நான் ஆபீஸ்ல காபி குடிச்சுக்கிட்டே பாத்தேன். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ரெண்டு. நல்லாத்தான் இருக்குதுன்னு போனைக் கவுத்து வச்சேன்.

விசாரணைக்கு மூணு பேரு வந்தாங்க. மெசேஜ் எல்லாத்தையும் அச்செடுத்துக் குடுத்தேன். பாத்துட்டு, கருவி சீராக இயங்கியிருக்கிறது, சரிவு எந்த முன்னறிகுறியும் இல்லாமல் நிகழ்ந்ததுன்னு எழுதிக்கிட்டாங்க. எங்க முதலாளி எனக்குக் கை குடுத்தாரு. நல்லபடியா முடிஞ்சுது.

ஆனா டீச்சர், முன்னறிகுறியே இல்லேன்னா அவ எதுக்குக் கொழந்தைங்களைக் கூட்டிட்டுப் போனா? எஸ்டேட்ல அதைத்தான் கேட்டாங்க. கொழந்தைங்களை ஒரு கண்ணு தெரியாத கெழவிகிட்ட விட்டுட்டு, கொட்டற மழையில மலைமேல இவளுக்கு என்ன சோலின்னு. பணி நேரத்தில் இடத்தை விட்டு அகன்றவர்னு எழுதிட்டாங்க. எழுதுனது எழுதுனதுதான். லயன்ல இன்னும் மோசம். புத்தி பெரண்டுருச்சுன்னு சிலபேரு, யாரையோ பாக்கப் போனான்னு சிலபேரு. செத்தவளுக்கு வாயா இருக்குது. அவளுக்குத் தவமணின்னு ஒரு மக, இருபத்திரண்டு வயசு. அம்மா வேலையை அவளுக்குக் குடுத்திருக்கோணும், குடுக்கல. பெத்தவங்களே வேண்டாம்னாங்களாம், அவ புள்ளைகிட்ட எம்புள்ளைய விட மாட்டேன்னு. எந்தப் புள்ளைய? மருதாயி காப்பாத்துன அதே புள்ளைய. அந்தப் பொண்ணு கொழாயடிக்கு எல்லாரும் போனப்பறம்தான் தண்ணி எடுக்கப் போறாளாம். எஸ்டேட் ஜீப் டிரைவர் சொன்னாரு.

பொங்கல் நோம்பிக்கு ஊட்டைத் தொடைக்கறப்ப அந்தப் பையை ஒதறுனேன். மருதாயி குடுத்த நோட்டு விழுந்துச்சு. உங்க பசங்க வச்சிருக்கற மாதிரிதான், பின்னட்டையில வாய்ப்பாடு. இதாங்க. தொடுங்க, ஒண்ணும் ஆகாது. நடுப்பக்கத்தைப் பாருங்க. நேரா ஒரு கோடு போட்டிருக்கறா, ஸ்கேல் வச்சு. இந்தப் பக்கம் என்ன எழுதியிருக்குது? லைட்டு எரிஞ்சப்ப. அந்தப் பக்கம்? லைட்டு எரியாதப்ப. மூணு நேரம் போதாதுன்னு, கொழந்தைங்க தூங்கற நேரத்துலயும் ஏறிப் போயிப் பொட்டி முன்னால நின்னு பாத்திருக்கறா. அடியில ரெண்டு வரி எழுதியிருக்கறா பாருங்க. "லைட்டு எரிஞ்சப்ப குதிச்சது திரும்பி வந்துருது. லைட்டு எரியாதப்ப குதிச்சது திரும்பி வரல."

இருபத்தாறு வருசமா நான் போர்டுல பிரிக்கறதை அவ பென்சில்ல பிரிச்சுட்டா. இந்தப் பக்கம் பொட்டியோட சத்தம். அந்தப் பக்கம் மலை. மலை நெசமாவே கொஞ்சங் கொஞ்சமா நகந்துட்டு இருந்திருக்குது. நான் ஒரு பேயைப் புடிச்சுட்டேன், அதனால எல்லாமே அந்தப் பேய்தான்னு நெனச்சுட்டேன்.

சரி, திருகாணியைக் கழட்டுனப்பறம் மலை நகந்தது தெரிஞ்சிருக்கோணுமே, எண்ணு ஏன் அசையலேன்னு கேப்பீங்க. நீங்க கேக்கல, ஆனாக் கேக்கோணும். விசாரணையிலயும் யாரும் கேக்கல. அன்னிக்குப் பாறைமேல திருகாணியைக் கழட்டுனப்பறமும் ஒரு தடவை குதிச்சுது. சின்னதா. லைட்டு எரியாதப்ப. எனக்கு ரோசமாப் போச்சுங்க. இவ்வளவு சுத்தமாப் பண்ணியும் மிச்சம் மீதி சத்தம் இருக்குதேன்னு, மடியில கம்ப்யூட்டரை வச்சுப் பொட்டிக்குள்ள ரெண்டு வரி எழுதுனேன். திடீர்னு குதிக்கற எண்ணு வந்தாத் தள்ளிரு, பழைய எண்ணையே காட்டு, அதையே அனுப்பு. ரெண்டே வரி. மலை ஒருக்கா நகந்துருச்சுன்னா அப்பறம் வர்ற எல்லா எண்ணுமே பழசுல இருந்து தள்ளித்தானே இருக்கும்? எல்லாத்தையும் தள்ளிருச்சு. நான் எறங்கி வந்த நாள்ல இருந்து அது பழைய எண்ணைத்தான் சொல்லிக்கிட்டு இருக்குது. மழை நிக்கவும் அந்த ரெண்டு வரியை எடுத்துரலாம்னு இருந்தேன்.

இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்குதுங்க. கம்பியே இல்ல, மலையே இல்ல, அது பாட்டுக்கு மணிக்கு ஒருக்கா அனுப்புது. சோலார் இருக்குதில்ல. எங்க ஆபீஸ்ல கணக்கை மூடிட்டாங்க. அந்த சிம்முக்கு நாந்தான் ரீசார்ஜ் பண்ணிட்டு இருக்கறேன். எங்கூட்டுக்காரர் திட்டறாரு, தூக்கத்துல மணி மணிக்கு எந்திரிச்சு உக்கார்றேன்னு. நிறுத்திரலாம், ஒரு நிமிசம் ஆகாது. ஆனா அது அனுப்பறவரைக்கும் அவ இன்னும் மேல நின்னு படிச்சுட்டு இருக்கற மாதிரி இருக்குது. எனக்குப் பயமா இருக்குதுங்க. நிறுத்துனா அவ எறங்கி என்கிட்ட வந்துருவா.

சரிவு எறங்குன அன்னிக்கு அவ எனக்குப் போன் பண்ணுனா. ரெண்டே காலுக்கு. இதை நான் விசாரணையில சொல்லல.

"எஞ்சினியரம்மா, நம்பரு அப்படியே நிக்குது. ஆனா காம்பராக் கதவு சாத்த மாட்டேங்குதும்மா. நிலை கோணிருச்சு."

"மழைக்கு மரம் ஊதும்மா. கதவுன்னா அப்படித்தான்."

"புள்ளைங்களை மேல கொண்டு போயிறவா?"

மீட்டிங்குக்கு நடுவுல எந்திரிச்சு வந்து பேசிட்டு இருந்தேன். "நம்பர் நிக்குதில்ல, அப்பறம் என்னை ஏன் கேக்கற? எது பண்ணுனாலும் நாலு மணி ரீடிங்கை விட்றாத"ன்னேன்.

அவ விடலீங்க.

தேன்பாறையா? கண்டக்டர் கத்தறாரா? ஆமா, இதுதான். அந்தப் பக்கம் செவப்பா மண்ணு தெரியும், புல்லு மொளைச்சிருக்கும் இப்ப. நீங்க பாத்துக்குங்க, நான் பாக்கல. டிக்கெட் இங்கதான் எடுத்திருக்கறேன், ஆனா எறங்கலீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. மூணு தடவை வந்துட்டேன். மூணு தடவையும் தேன்பாறைக்கு டிக்கெட் எடுத்து, கோத்தகிரியில போயி எறங்கி, ஒரு டீயைக் குடிச்சுட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டேன். பக்கத்துல யாராச்சும் உக்காருவாங்க. தவமணிகிட்டச் சொல்ற மாதிரி சொல்லிப் பாத்துக்குவேன். நீங்க நாலாவது ஆளு. சொல்லி முடிச்சதும் அவகிட்டயே சொல்லிட்ட மாதிரி ஆயிருதுங்க, நெஞ்சு காலியாயிருது. அப்பறம் எதுக்கு எறங்கறதுன்னு...

ஏனுங்க, எதுக்கு எந்திரிக்கறீங்க? கோத்தகிரிக்கு இன்னும் நேரம் இருக்குது. டீச்சர், கண்டக்டரைக் கூப்புடாதீங்க. ஆளு எறங்கோணும்னு சொல்லாதீங்க.

நிறுத்திட்டாருங்களா.

போன் அடிக்குது, நாலு மணி. பாக்க வேண்டாம், எனக்குத் தெரியும். பையை நானே எடுத்துக்கறேன், நோட்டை மட்டும் கையில குடுங்க. செத்த கையப் புடிச்சுக்குங்க, எறங்கிக்கறேன்.

செம்புலிங்கத்துல இருந்து ஆரம்பிக்க வேண்டாம், இல்லீங்களா? உங்கம்மா சரியாத்தான் எழுதுனா கண்ணு, நாந்தான் படிக்கல. அப்படி ஆரம்பிக்கறேன்.